மலையிலிருந்து புறாத்தீவுக்கு

இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் கடற்கரை இல்லாதவை நான்கு. எங்கள் ஊவா அவற்றில் ஒன்று. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தோட்டங்கள் அதற்கும் மேலே. என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் டவுன் கடைக்காரர்களின் பிள்ளைகள், மீதிப் பேர் லயத்திலிருந்து வருகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் கடல் என்பது பாடசாலைச் சுற்றுலாவில் வருஷத்துக்கு ஒரு தரம் காட்டப்படுகிற ஒன்று. பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள், காலை நனைப்பார்கள், போன் இருக்கிற ஆசிரியர் படம் எடுப்பார், சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்றுவிட்டு மறுபடியும் பஸ். படகேறி ஒரு தீவுக்குப் போவது, தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்ப்பது எல்லாம் வெளிநாட்டுக்காரருக்கு உரியவை என்று நாமாகவே முடிவு கட்டி வைத்திருக்கிறோம்.

அந்த முடிவு சரியல்ல என்பது என் கட்சி. திருகோணமலைக்கு வடக்கே, சுமார் பதினைந்து கிலோமீற்றர் தூரத்தில் நிலாவெளி. அதன் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. காலையில் படகேறினால் லுஹருக்கு முன் கரைக்கு வந்துவிடலாம். அந்த அரைநாளில் என்ன பார்க்கலாம், அது எப்படி அங்கே வந்தது, அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை மலையில் இருக்கிற ஒருத்தியின் கண்ணால் எழுதுகிறேன்.

முதலில் எப்போது போவது என்ற கேள்வி. இதற்குப் பதில் கடலில் இல்லை, நம்முடைய மலையில்தான் இருக்கிறது.

மே மாதம் தொடங்கி தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுடியைக் கடந்து இந்தப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. இறங்க இறங்கச் சூடாகிறது. மட்டக்களப்பு, திருகோணமலைச் சனங்கள் அதைக் 'கச்சான்' என்பார்கள். (கடலை வறுத்து விற்கிறவரிடம் நாம் வாங்கும் கச்சான் வேறு, இது காற்று.) ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்த வறண்ட காற்று ஊவாத் தேயிலைச் செடிகளின் மேல் அடிக்கும்போது கொழுந்து மெதுவாக வளர்கிறது, இலையில் ஒரு தனி மணம் கூடுகிறது. உலகச் சந்தையில் 'ஊவா சீசன்' என்று பேர் போன தேயிலை அந்த மாதங்களில் பறித்ததுதான். அதே மாதங்களில் கிழக்குக் கடல், மலையின் மறைவில் இருப்பதால், அமைதியாகக் கிடக்கிறது. தண்ணீர் தெளிகிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை புறாத்தீவுக்கு நல்ல காலம். ஒக்டோபருக்குப் பிறகு வடகீழ்ப் பருவக்காற்று எங்களுக்கு மழை கொண்டு வருகிறது, அவர்களுக்கு அலை கொண்டு வருகிறது. டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலாவெளிக்குப் போகிறவர்கள் கொந்தளிக்கிற கடலைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஓகஸ்ட் விடுமுறைதான் சரி.

காற்று மட்டுமல்ல, தண்ணீரும் இங்கிருந்துதான் அங்கே போகிறது. பதுளை டவுனைச் சுற்றிக்கொண்டு ஓடுகிற பதுளு ஓயா, துன்ஹிந்தையில் 64 மீற்றர் கீழே விழுந்து, அப்படியே போய் மகாவலியில் சேர்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. காப்பித் தோட்டக் காலத்திலிருந்து, பிறகு தேயிலைக் காலத்திலும், காட்டை வெட்டிய சரிவுகளிலிருந்து கழுவிப் போன மண்ணில் ஒரு பங்கு அந்தக் குடாவின் அடியில் கிடக்கிறது. நம் ஊர் வாய்க்காலில் போடுகிற பிளாஸ்டிக் போத்தலுக்கும் அதே வழிதான். புறாத்தீவின் பாறைகளை நம் மண் போய் மூடிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மகாவலியின் வாய்க்கும் தீவுக்கும் இடையில் தூரம் உண்டு. அதோடு கொட்டியாரக் குடாவிலேயே ஒரு பெரிய ஆழ்பள்ளம் தொடங்குகிறது. கடலடியில் ஒரு மலையிடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்; எல்ல இடுக்கைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். அது ஆற்று மண்ணை வாங்கி ஆழ்கடலுக்கு இறக்கிவிடுகிறது.

திருகோணமலைத் துறைமுகம் உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அந்தப் பள்ளத்தால் இன்னொன்றும் நடக்கிறது: ஆழ்கடலில் வாழ வேண்டிய திமிங்கிலங்கள் கரைக்குப் பக்கத்தில் வருகின்றன. மார்ச் முதல் ஓகஸ்ட் வரையில் நீலத்திமிங்கிலமும், சில வேளை எண்ணெய்த் திமிங்கிலமும் திருகோணமலைக் கடலில் தென்படும். நம் நாட்டைச் சுற்றியுள்ள நீலத்திமிங்கிலங்கள் மற்றக் கடல்களில் உள்ளவை போலத் துருவக் கடலுக்குப் போய்த் திரும்புகிறவை அல்ல. வெப்பக் கடலிலேயே தங்கிவிடுகிறவை. அதனால் அரைநாள் பயணம் போகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதுண்டு. விடியக் கிளம்பி, காற்று எழும்புவதற்கு முன் திமிங்கிலத்தைத் தேடிவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் புறாத்தீவில் இறங்குவது.

திமிங்கிலம் கட்டாயம் தெரியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறவரின் படகில் ஏற வேண்டாம். தெரிந்தால் முதலில் தெரிவது உடல் அல்ல, மூச்சு. தூரத்தில் ஒரு வெள்ளைப் புகை கம்பம் மாதிரி எழும்பி நிற்கும். பிறகு சாம்பல் நீலத்தில் ஒரு முதுகு. அது முடியவே மாட்டாது போலப் போய்க்கொண்டே இருக்கும். படகு நூறு மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்பது இந்நாட்டு விதி. 'கிட்டப் போங்க, இன்னும் கிட்டப் போங்க' என்று படகுக்காரரை நச்சரிப்பது நாம்தான். காசு கொடுத்த பயணி கேட்டால் அவர் என்ன செய்வார்? எங்களோடு வந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "யூனுஸ் நபியை விழுங்கினது இதா டீச்சர்?" என்று கேட்டான். குர்ஆன் 'ஹூத்' என்று சொல்கிறது, பெரிய மீன் என்று பொருள், இன்ன இனம் என்று சொல்லவில்லை என்றேன். நீலத்திமிங்கிலம் தின்பது விரலைவிடச் சிறிய, இறாலைப் போன்ற உயிர்களைத்தான் என்று சொன்னதும் அவனுக்கு அதில் ஏமாற்றம்.

இனித் தீவு. பெரிய புறாத்தீவு, சின்னப் புறாத்தீவு என்று இரண்டு. நாம் இறங்குவது பெரியதில். பெரியது என்றாலும் சுமார் இருநூறு மீற்றர் நீளம், நூறு மீற்றர் அகலம். எங்கள் பாடசாலை மைதானத்தை இரண்டாக வைத்தால் போதும். பாறையும் பற்றைக்காடும். பெயருக்குக் காரணமான மாடப்புறாக்கள் அந்தப் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகின்றன. பள்ளிவாசல் மினாராவிலும் கச்சேரிக் கூரையிலும் நாம் தினமும் பார்க்கிற புறாவின் மூல இனம் அதுதான். மனிதன் கட்டடம் கட்டுவதற்கு முன் புறா எங்கே இருந்தது என்று கேட்கிற பிள்ளைக்கு, இதோ இங்கே என்று விரல் நீட்டிக் காட்டலாம். நாட்டில் அப்படிக் காட்டக்கூடிய இடங்கள் மிகக் குறைவு.

வெள்ளையர் காலத்தில் இந்தத் தீவை வெடிப் பயிற்சிக்குக் குறியாக வைத்தார்கள். 1963இல் சரணாலயமானது. 2003இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பூங்காவின் பரப்பு 471 ஹெக்டயர். தீவு சின்னது, மீதியெல்லாம் கடல். பாதுகாக்கப்படுவது தரையைவிடத் தண்ணீர்தான் என்று இதிலிருந்தே தெரிகிறது. யுத்தம் நடந்த காலத்தில் அந்தக் கரைக்குப் போய்வருவது இலேசான காரியமாக இருக்கவில்லை. 2009க்குப் பிறகு பாதை திறந்தது, சனம் குவிந்தது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட் இல்லாமல் இறங்க முடியாது. அதற்குரிய காசு வேறு, படகுக் கூலி வேறு. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் ஒன்றல்ல. படகுக்கூலியை ஆளுக்கு இவ்வளவா, முழுப் படகுக்கு இவ்வளவா என்று கரையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தீவின் கரையில் கால் வைத்ததும் பாதத்தில் குத்தும். மணல் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மணல் அல்ல, உடைந்த முருகைக்கல். நம் நாட்டுத் தமிழில் முருகைக்கல் என்றும், தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பவளப்பாறை என்றும் சொல்வது ஒன்றைத்தான். 'கல்' என்றும் 'பாறை' என்றும் பேர் வைத்ததால் வந்த வினை பெரிது. கல்லை மிதித்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

அது கல் இல்லை. கறையான் புற்றைப் பாருங்கள். புற்று மண், ஆனால் அதைக் கட்டியதும் அதில் குடியிருப்பதும் உயிர்கள். முருகையும் அப்படித்தான், ஒரு வித்தியாசத்தோடு: கறையான் புற்றுக்கு உள்ளே இருக்கிறது, முருகை உயிர் கல்லின் மேல்தோலாக, வெளியே இருக்கிறது. கடுகளவு, மிளகளவு உள்ள மெல்லிய உடல்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தங்களுக்கு அடியில் வீடு கட்டுகின்றன. அந்த உடல்களுக்குள்ளே இன்னும் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் உணவு சமைத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. வீட்டுக்காரர் அதற்கு இடம் கொடுக்கிறார். முருகையின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால் வருவது. தண்ணீர் கலங்கி வெயில் குறைந்தால் பாசி பட்டினி, பாசி பட்டினி என்றால் வீட்டுக்காரரும் பட்டினி. மண் கரைந்து வரும் ஆற்றுவாயில் முருகை நன்றாக வளராததற்குக் காரணம் இதுதான்.

வளர்ச்சியும் ஒரே மாதிரி இல்லை. மான்கொம்பு போலக் கிளை விடுகிற வகை வருஷத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் வரையில் வளரலாம். உருண்டையாகத் திரண்டு நிற்கும் வகை வருஷத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே அதிகம். குசினியில் நாம் போட்டு உட்காருகிற முக்காலி உயரத்துக்கு ஓர் உருண்டை நின்றால் அது என்னைவிட மூத்தது. அதன் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறவரின் குதிகால் ஒரே நிமிஷத்தில் தோலை நசுக்கிவிடுகிறது. நசுங்கிய இடத்தில் வேறு பாசி படரும். பிறகு அந்த இடத்தை முருகை மீட்பது கடினம்.

இதை நான் கரும்பலகையில் படம் போட்டு எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறேன். தோட்டத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை, பத்தாம் வகுப்பு, ஒரே வசனத்தில் முடித்துவிட்டாள்: "தவறணையில மிதிக்கிற மாதிரி டீச்சர்." தேயிலை நாற்று வளர்க்கிற மேடைக்குத்தான் தோட்டத்தில் தவறணை என்று பேர். அதில் கால் வைத்தால் கங்காணி சும்மா விடுவாரா? அன்றைக்குப் பிறகு நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு அந்த வசனத்தையே சொல்கிறேன்.

காலைவிடப் பெரிய பகை சூடு. கடல் தன் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடி, அப்படியே சில வாரங்கள் நின்றுவிட்டால், முருகை தன்னிடம் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் எலும்பு வெள்ளையாகிறது. 'வெளிறுதல்' என்கிறார்கள். அது சாவு அல்ல, கடும் நோய். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் முருகைகள் பெருவாரியாக மடிந்தன. 2016இல் கிழக்குக் கரையும் வெளிறியது. 2024 ஏப்ரலில், உலகம் முழுவதும் நான்காவது பெரும் வெளிறல் நடக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இதை நாமோ படகுக்காரரோ நிறுத்த முடியாது. ஆனால் நோயாளியின் மேல் ஏறி மிதிக்காமல் இருக்கலாம்.

மீன்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது. கிளிமீனை மட்டும் சொல்கிறேன். பச்சையும் நீலமும் ரோஸ் நிறமுமாக, கிளிமூக்கு மாதிரி வாய். காதைத் தண்ணீருக்குள் வைத்துக் கேட்டால் 'கறுக் கறுக்' என்று சத்தம் வரும். பாறையின் மேல் படர்ந்த பாசியைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கொறித்து, அரைத்து, வெள்ளை மணலாகக் கழிக்கிறது. வெப்பக் கடற்கரைகளில் நாம் புகழ்கிற வெண்மணலில் ஒரு பகுதி இந்த மீனின் வயிற்றிலிருந்து வந்தது என்று சொன்னபோது பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

அழுங்காமையும் வரும். அதன் வாய் பருந்தின் அலகைப் போல வளைந்திருக்கும். பாறை இடுக்கில் கடற்பஞ்சைத் தேடித் தின்பதற்கு அந்த அலகு. சுறாவும் உண்டு. சுறா என்றதும் தாய்மார் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொள்வார்கள். இங்கே வருவது முதுகுச் செட்டையின் நுனியில் கறுப்பு மை தொட்டது போல இருக்கிற ஒரு சிறிய வகை, பெரும்பாலும் ஓர் ஆள் நீளம்கூட இல்லை. மனிதனைக் கண்டால் விலகிப் போகும். பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப்புட்டு அவித்துத் தின்கிற நாம் அதைப் பார்த்து நடுங்குவதைவிட, அது நம்மைப் பார்த்து நடுங்குவதில் நியாயம் அதிகம். பாணைப் பிய்த்துப் போட்டு மீனைக் கூட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். பாணுக்குப் பழகிய மீன் பாசியைக் கொறிப்பதை விட்டுவிடும், பாறையைப் பாசி மூடிவிடும்.

இப்போது ஆபத்தைப் பேச வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாது. குளித்ததெல்லாம் பீலியிலும் ஓடையிலும் பாத்ரூம் வாளியிலும். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் மௌத்தானதை இந்த இதழின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது கடல்கூட இல்லை, ஊருக்குள் இருக்கிற நீரேரி. சுற்றுலாப் படகில் ஏறுகிறவர் அதை நினைத்துக்கொண்டே ஏற வேண்டும். ஆளுக்கு ஓர் உயிர்காப்பு அங்கி. படகின் மூலையில் குவித்து வைத்திருப்பது கணக்கில்லை. உடம்பில், கொக்கி எல்லாம் பூட்டி. சிறு பிள்ளைக்குப் பெரியவரின் அங்கியை மாட்டினால் தண்ணீரில் அங்கி மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். ஒரு தரம் ஒரு படகுக்காரர், "பத்து நிமிஷப் பயணம்தானே டீச்சர், என்னத்துக்கு?" என்றார். நாங்கள் அந்தப் படகில் ஏறவில்லை. அரை மணி நேரம் காத்திருந்து வேறு படகு பிடித்தோம்.

அங்கியைப் போட்டுக்கொண்டே ஸ்நோர்கல் செய்யலாம். அதற்கு நீந்தவே தெரிய வேண்டியதில்லை. முகம் கீழே பார்க்க மிதந்தால் போதும். சொல்லப்போனால் அங்கி முருகையையும் காப்பாற்றுகிறது, அது போட்டவர் நிற்க மாட்டார், மிதப்பார். கண்ணாடியும் குழாயும் கரையில் வாடகைக்குக் கிடைக்கும். கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடுவதால் வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். முதல் தடவை எல்லோருக்கும் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். அதனால் ஊரிலேயே பழக்குகிறோம். ஒரு கண்ணாடி, ஒரு குழாய், ஒரு பெரிய பேசின் தண்ணீர், பாடசாலை முற்றம். வரிசையாக வந்து முகத்தை வைத்து இருபது மூச்சு எண்ண வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் கடலில் யாரும் பதறவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவினால் ஆவி படியாது. அருவருப்பவர்கள் ஒரு துளி பேபி ஷாம்பூ பூசலாம். தண்ணீரில் தத்தளிக்கிறவர் சினிமாவில் போலக் கத்த மாட்டார். வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது சத்தம் எங்கே வரும்? ஆகவே ஐந்து பிள்ளைக்கு ஓர் ஆள், அவர் தண்ணீருக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எழுதத் தயங்கினாலும் எழுத வேண்டிய ஒன்று உண்டு. நிலாவெளிக் கரையில் எந்த விடுமுறை நாளிலும் போய்ப் பாருங்கள். நம் ஆண்கள் தண்ணீரில், ஆண் பிள்ளைகள் தண்ணீரில், பெண்கள் பையையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு கரையில். படகு புறப்படும்போதும், "நீங்க இருங்க, நாங்க பார்த்திட்டு வாறோம்." மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை, பழக்கம் சொல்கிறது. உடை ஒரு தடையென்றால் அதற்கு வழி இருக்கிறது. அகன்ற அபாயாவோடு தண்ணீரில் இறங்குவது உண்மையிலேயே ஆபத்து. துணி நனைந்து காலைச் சுற்றும், கனக்கும். ஆனால் முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை இப்போது நம் நாட்டுக் கடைகளிலேயே கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் உடம்போடு அதிகம் ஒட்டாத முழுக்கை டீ சேர்ட், அதன் மேல் நீளமான, ஆனால் அகலமில்லாத ஒரு மேலாடை, நீளக் காற்சட்டை, பின் குத்தாமல் கட்டும் தலைத்துணி, எல்லாவற்றுக்கும் மேலே உயிர்காப்பு அங்கி. காலை முதல் படகில் போனால் கூட்டமும் இராது.

இந்த உடையில் ஒரு நன்மையும் உண்டு. வெயிலுக்குப் பூசுகிற கிறீம்களில் உள்ள சில இரசாயனங்கள் முருகைக்குக் கேடு என்று கண்டு, ஹவாய்த் தீவுகளில் 2021 முதல் அந்த வகைக் கிறீம்களின் விற்பனையைச் சட்டத்தால் தடுத்துவிட்டார்கள். உடம்பை மூடியவளுக்கு அந்தக் கிறீம் முகத்துக்கு மட்டும்தான் வேண்டும். தொப்பி இருந்தால் அதுவும் குறைவு. எங்கள் சுற்றுலாவில் ஒரு மாணவியின் உம்மா துணைக்கு வந்திருந்தார், ஐம்பது வயதிருக்கும். முதலில் மாட்டவே மாட்டேன் என்றார். பிறகு இறங்கினார். வெளியே வந்ததும் கண்ணாடியைக் கழற்றாமலே, "அல்லாஹ்வே, இதெல்லாம் இவ்வளவு காலமும் இங்கதானா இருந்திச்சு?" என்றார். அவரைக் கரைக்குக் கூட்டிவரத்தான் பாடுபட்டோம்.

தமிழாசிரியை என்பதால் சொற்களைப் பற்றியும் கொஞ்சம். கடலை அந்நியம் என்று நினைக்கிற நம்முடைய வாயில் கடற்சொற்கள் நிறைய இருக்கின்றன. படகைத் திருப்புகிற 'சுக்கான்' அரபுச் சொல். ஆங்கிலத்தில் பருவக்காற்றுக்கு வழங்கும் 'மொன்சூன்', பருவம் என்று பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபிலிருந்து போர்த்துக்கீசர் வாய்வழியாகப் போனது. 'மாலுமி' என்பது 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தது என்று அகராதிகள் காட்டுகின்றன. அரபுக் கப்பல்களில் வழிகாட்டுகிறவருக்கு முஅல்லிம் என்று பேர். அந்தச் சொல்லுக்கு ஆசிரியர் என்றும் பொருள். இதைப் படகில் சொன்னபோது சுக்கானைப் பிடித்திருந்த தம்பி, "அப்ப நானும் டீச்சரா?" என்று கேட்டார். நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு வைக்கிற 'மர்ஜான்' என்ற பேர் சூரா அர்ரஹ்மானில் வருகிற சொல். பவளம் என்று பொருள் கொள்கிறோம். முற்கால விரிவுரையாளர்களில் பலர் அதை முத்தில் ஒரு வகை என்றும் எடுத்திருக்கிறார்கள். நகைக்கடைச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் கிடைக்கும் வேறு இனம். புறாத்தீவில் ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டால் கிடைப்பது பவளம் அல்ல, கெட்ட நாற்றம். அதோடு சட்டப்படி குற்றம். ஒரு காலத்தில் கிழக்குக் கரையில் இந்தக் கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். வீடு வெள்ளையடித்ததும் அதில்தான், வெற்றிலையில் தடவியதும் அதில்தான்.

மலைக்கும் கடலுக்கும் நம் முன்னோரே பாலமாக இருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கண்டி அரசர் காலத்தில் தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு, கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி மலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். திரும்பும்போது பாக்கும் மிளகும் இறங்கின. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல்தான். அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் ஊவாவின் சட்டியில் விழுந்த உப்பு மாட்டின் முதுகில் ஏறிவந்த உப்பு.

பதுளையிலிருந்து நிலாவெளிக்கு மகியங்கனை, பொலன்னறுவை, ஹபரணை வழியாகப் பஸ்ஸில் போக ஏறக்குறைய ஒரு முழுப்பகல் ஆகும். முதல் நாள் இரவு திருகோணமலையில் தங்காமல் இந்தப் பயணம் சரிவராது. பாடசாலை என்றால் தங்க இடம் கேட்டு அங்குள்ள பாடசாலைக்குக் கடிதம் போடலாம், எங்களுக்கு மறுக்கவில்லை. குளிசை வேண்டுவோர் வாந்திக்கான குளிசையைப் படகேறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. தண்ணீர் போத்தலை எண்ணிக் கொண்டுபோய் எண்ணிக் கொண்டுவர வேண்டும்.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குக் கிட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பிறக்கிற கல் ஓயாவை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம். சமுத்திரம் என்று பேர், குளம்தான். அதைச் சுற்றி 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்கா அமைந்தது. அங்கும் காலையில் படகு விடுகிறார்கள். குளத்துக்குள் மூழ்காமல் நிற்கிற குன்றுகள் தீவுகளாக இருக்கின்றன. ஒரு தீவில் பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும். முருகை கிடையாது, கண்ணாடி போட்டு இறங்கவும் கூடாது, முதலை உண்டு. ஆனால் வறட்சிக் காலத்தில் புல்லைத் தேடி ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்கு யானை நீந்திப் போகும். தண்ணீருக்கு மேலே இரண்டு கருப்பு மேடும் ஒரு தும்பிக்கையும் மட்டும் தெரியும். பிபிலைக்கு இறங்கி அம்பாறைப் பாதையைப் பிடித்தால், பதுளையிலிருந்து விடியற்காலையில் கிளம்பியவர்கள் இரவுக்குள் வீடு திரும்பலாம்.